மதம்: இல்லை

எழுபதுகளின் தொடக்கத்தில் மக்கள் தொகைக் கணக்கெடுப்புக்கு என்னைப் போன்ற பள்ளி ஆசிரியர்களைத்தான் அனுப்பினார்கள். எனக்கு வேலம்பாளையத்தில் நான்கு தெருக்கள். மூன்று நாள் வெயிலில் அலைந்ததில் 'மதம்' என்று கேட்பதையே விட்டுவிட்டேன். வீட்டு வாசலில் கோலத்தைப் பார்த்தால் 'இந்து' என்று எழுதிவிடுவேன்.

பனியன் கம்பெனி கட்டிங் மாஸ்டர் ஒருவர்தான் அதைக் கண்டுபிடித்தார்.

"கேக்காமலே எழுதறீங்களே, வாத்தியாரே. எனக்கு மதம் இல்லீங்க."

"இல்லைன்னா?"

"சாமி இல்லை, மதமும் இல்லை. அப்படியே எழுதுங்க."

உள்ளேயிருந்து அவர் மனைவி வெளியே வந்தார். "அவருக்கு என்ன வேணாலும் போட்டுக்குங்க. எனக்கு இந்துன்னு போடுங்க. தைப்பூசத்துக்கு நடந்தே பழனி போறவ நான்."

அடுத்து அவர்களுடைய பத்து வயது மகள். அப்பா ஒன்று சொன்னார், அம்மா ஒன்று சொன்னார். கடைசியில் அவளையே கேட்டோம்.

"எந்த மதத்துக்குங்க சார் லீவு அதிகம்?"

மாஸ்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "இப்போதைக்கு அம்மாவோடதையே எழுதுங்க. பெரியவளானா அவளே மாத்திக்கட்டும்."

சொன்னபடியே எழுதிக் கொடுத்தேன். மேற்பார்வை அதிகாரி படிவத்தைத் திருப்பி எறிந்தார். "பொண்டாட்டி இந்து, புருஷனுக்கு ஒண்ணுமில்லையா? கேலி பண்ணியிருக்கான். போய்த் திருத்திட்டு வாங்க."

மறுபடி போனபோது மாஸ்டர் வேலைக்குப் போயிருந்தார். எனக்கு நிம்மதியாக இருந்தது. பக்தியுள்ள அம்மா, சுலபமாகத் தலையாட்டிவிடுவார் என்று நினைத்து விஷயத்தைச் சொன்னேன்.

அவர் முகம் சிவந்துவிட்டது. "ஏனுங்க, அவரு ஊட்டுல இல்லாத நேரமாப் பாத்து அவரு சொன்னதை அழிக்கறதா? கல்யாணத்தன்னைக்கே எங்கப்பங்கிட்ட இதையேதானுங்க சொன்னாரு. அவரு திருநீறு பூச மாட்டாரு, பொய்யும் சொல்ல மாட்டாரு. அதைத் திருத்துனீங்கன்னா என் பேரையும் அடிச்சுட்டுப் போங்க."

அதை அதிகாரியிடம் அப்படியே ஒப்பித்தேன். வாய்க்குள் ஏதோ முனகிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். முருகன் பெயராகத்தான் இருக்க வேண்டும்.

கடைசியாக, அதே நான்கு தெருக்களில் ஒன்றில் இருந்த என் வீட்டுப் படிவம். கோயிலில் கும்பிடும்போது மனசுக்குள் ஒன்றுமே இல்லை என்று எனக்குத் தெரிந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. யாரிடமும் சொன்னதில்லை. மனைவி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

'இந்து' என்று எழுதினேன். எங்கள் பகுதிக் கணக்கில் நானறிந்து ஒரு பொய் இருந்தது என்றால், அது என்னுடையதுதான்.