பேஸ்மென்டில் இருந்த செவ்வரத்தை

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, பிரெஞ்சு பேசும் ஊரான பியர்பொன்ட்ஸில் எங்கள் வீட்டு பேஸ்மென்டில் இரண்டு பேர் குளிர்காலத்தைக் கழித்தார்கள். ஒருவர் அம்மாவின் தம்பி, என் மாமா. மற்றது ஒரு செவ்வரத்தை, அதாவது செம்பருத்திச் செடி.

மாமா மன்னாரிலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. செவ்வரத்தை கோடை முழுவதும் வீட்டின் பின்புறம் நின்று சிவப்புச் சிவப்பாகப் பூத்தது. அம்மா முன்பு வாங்கிய செடிகளெல்லாம் முதல் உறைபனியிலேயே கருகிப் போயிருந்தன. இந்த முறை செப்டம்பர் முடியுமுன்பே மாமா அதைப் பூச்சாடியோடு தூக்கிக்கொண்டு போய்த் தன் கட்டிலுக்குப் பக்கத்தில், ஜன்னலடியில் வைத்தார்.

இரண்டு மாதத்தில் இலைகள் மஞ்சளாகிக் கொட்டிவிட்டன. மிச்சமிருந்தவற்றின் அடியில் பொடிப் பூச்சிகள் வலை பின்னியிருந்தன.

“இது செத்துப்போச்சு. குப்பை எடுக்கிற நாளில வெளியில வையுங்கோ” என்றார் அப்பா.

மாமா பெருவிரல் நகத்தால் தண்டை மெல்லச் சுரண்டினார். உள்ளே பச்சை.

“இஞ்ச பார் பிள்ளை, உயிர் இருக்கு. இனி இது உன்ர பொறுப்பு.”

அதற்குமுன் யாரும் என்னை நம்பி எதையும் தந்ததில்லை. சனிக்கிழமை இருவரும் பஸ் ஏறிப் பூக்கடைக்குப் போனோம். அங்கிருந்த பெண் பிரெஞ்சில் சொன்னதையெல்லாம் நான் தமிழில் சொல்ல, மாமா தலையாட்டிக்கொண்டே கேட்டார். வீட்டுக்கு வந்ததும் நீண்ட கிளைகளை வெட்டினோம். செடியைக் குளியல் தொட்டியில் சரித்துப் பிடித்து, சோப்புத் தண்ணீரால் கிளை கிளையாகக் கழுவினோம். தொட்டி முழுக்கச் சேறு. அம்மா எங்கள் இருவருக்கும் சேர்த்து ஏசினார். மாமா ஒரு டியூப் லைட்டைச் செடிக்கு மேலே கட்டித் தொங்கவிட்டார். நான் தினமும் பள்ளிக்கூட பஸ்ஸுக்கு ஓடுமுன் மண்ணில் விரல் விட்டுப் பார்ப்பேன். காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர்.

ஜனவரியில் துளிர் வந்தது. பிப்ரவரியில் மூன்று மொட்டு. இரண்டு உதிர்ந்துவிட, நான் அழுதேன். மூன்றாவதைக் கடந்து போகும்போது மாமாவும் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தோம்.

மார்ச் விடுமுறையில் ஒரு காலை கீழே இறங்கினால், உள்ளங்கை அகலத்தில் சிவப்பாக அது விரிந்திருந்தது. நான் போட்ட கூச்சலில் மாமா வாயில் பிரஷ்ஷோடு ஓடிவந்தார். இருவருமாகச் சாடியைப் படியேற்றி வரவேற்பறை மேசையில் வைத்தோம். வெளியே காரின் சக்கரங்களை மூடிப் பனி கிடந்தது.

மத்தியானம் வெளியே போய்விட்டு வந்த அம்மா ‘ஓ’வென்று கத்தும் சத்தம் கேட்டு ஓடினேன். பூவுக்கு முன்னால் அம்மாவும் மாமாவும் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். பிறகு அம்மா தொலைபேசியைக் கீழே வைக்கவே இல்லை.

“ஓம், ஓம், வந்திட்டுது! இண்டைக்குத்தான் வந்தது!”

ஆறு மணிக்கு முன் ஒருநாளும் வராத அப்பா வேலையிலிருந்து நேரத்தோடு வந்தார், கையில் கேக்கோடு. மாதா கோயில்காரர் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். வாசலில் பனிச் சப்பாத்துகள் குவிந்தன. யாரோ நன்றிச் செபம்கூடத் தொடங்கினார்கள். நான் சாடியை விட்டு அசையவில்லை. வந்தவர்கள் மாமாவிடம் கை நீட்டினால் அவர் என்னை முன்னே இழுத்து, “முதல் இவவுக்குச் சொல்லுங்கோ, இவதான் காப்பாத்தினவ” என்பார். ஒவ்வொருவரும் குனிந்து என் கையைக் குலுக்கினார்கள்.

“செத்துப்போச்சு எண்டு சொன்னீங்கள்” என்று அப்பாவிடம் கேட்டேன்.

“ஓம் பிள்ளை, பிழைவிட்டிட்டன்” என்று எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டார்.

மாமாவின் அகதி வழக்கு வென்ற கடிதம் அன்று தபாலில் வந்திருந்தது என்பதும், இனி ஊரில் இருந்த மாமியையும் குழந்தையையும் கூப்பிடலாம் என்பதற்காகத்தான் வீடு அப்படி நிறைந்தது என்பதும் எனக்குத் தெரியப் பல வருடங்கள் ஆயின. ஒரு பூவைப் பார்க்க இத்தனை பேர் பனியில் வந்தது அன்று எனக்குக் கொஞ்சமும் அதிசயமாகப் படவில்லை.