எங்கள் தெருவில் நடந்த முகாம்

பட்டம் வாங்க ஐந்து பகுதிகளை முடிக்க வேண்டும் என்று கல்லூரியில் சேர்ந்த முதல் வாரமே சொல்லிவிட்டார்கள். முதல் பகுதி தமிழ், இரண்டாவது ஆங்கிலம், மூன்றாவது நாம் எடுத்த பாடம். நான்காவதில் சுற்றுச்சூழல், நன்னெறி என்று சில சின்னத் தாள்கள். ஐந்தாவதற்குப் பரீட்சை கிடையாது. என்.எஸ்.எஸ்., என்.சி.சி., விளையாட்டு, இதில் ஏதாவது ஒன்றில் சேர்ந்து வேலை செய்திருக்க வேண்டும். அதற்கு ஒரே ஒரு கிரெடிட்தான். ஆனால் அது இல்லாவிட்டால் மற்ற நான்கிலும் நல்ல மார்க் வாங்கியிருந்தாலும் பட்டம் கிடையாது.

என்.சி.சி.யில் விடியற்காலையில் மைதானத்தில் நிற்க வேண்டும். கோவில்பதாகையிலிருந்து ஆவடிக்கு வந்து ரயில் பிடித்து அம்பத்தூர் போகிறவளுக்கு அது நடக்காத காரியம். விளையாட்டு எனக்கு வராது. மீதி இருந்தது என்.எஸ்.எஸ். வாரத்தில் ஒரு நாள் கல்லூரி வளாகத்தைப் பெருக்குவோம், செடிக்குத் தண்ணீர் ஊற்றுவோம். அதோடு ஒரு முறை ஏழு நாள் முகாமில் தங்க வேண்டும்.

இரண்டாம் வருடக் கடைசியில் எங்கள் என்.எஸ்.எஸ். மேடம் முகாம் நடக்கும் இடத்தை அறிவித்தார். கல்லூரி தத்தெடுத்திருக்கும் பகுதி, பெரும்பாலும் கம்பெனித் தொழிலாளர்கள், விழிப்புணர்வு தேவைப்படும் மக்கள் என்றெல்லாம் சொல்லிவிட்டுத் தெருக்களின் பெயர்களை வாசித்தார். இரண்டாவதாக வந்தது எங்கள் தெரு.

நான் எழுந்து நின்றேன். "மேடம், அது எங்க தெரு."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மேடம் ஒரு நொடி யோசித்துவிட்டு, "நல்லதாப் போச்சு. வழி தெரிஞ்ச ஒரு ஆள் இருக்கு" என்றார்.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை செய்கிறவள். வேலையிலிருந்து வந்து அப்போதுதான் முகம் கழுவியிருந்தாள்.

"நம்மள தத்து எட்த்துக்கினாங்களா? அப்ப சோறு யாரு போடுவா, காலேஜா?" என்று சிரித்தாள்.

நான் ஏழு நாளும் பள்ளிக்கூடத்தில் தங்க வேண்டும் என்றதும் சிரிப்பு நின்றது. "ஊடு இங்க கீது. நீ இன்னாத்துக்கு இஸ்கூல்ல போய் படுக்கணும்?"

"தங்கினாத்தான் கிரெடிட்டும்மா."

"நல்லா கீதுடி உங்க காலேஜு."

முகாமுக்காகத் தங்கியது நான் எட்டாவது வரை படித்த பள்ளிக்கூடத்தில். என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு வகுப்பறைத் தரையில் பாய் விரித்தோம். காலையில் உப்புமா. பிறகு துடைப்பமும் கூடையுமாகத் தெருவுக்குக் கிளம்புவோம். நான் தலையைக் குனிந்துகொண்டு பெருக்கினேன். ஆனால் எங்கள் தெருவில் அது செல்லுபடியாகவில்லை. எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்றுகொண்டு, "ஏய், எங்க ஊட்டாண்ட நல்லா இஸ்து பெருக்குடி. மார்க்கு போடுவாங்க இல்ல?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். என் கூட வந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு கொஞ்சம் சுலபமாக இருந்தது.

மூன்றாம் நாள் கணக்கெடுப்பு. இரண்டு இரண்டு பேராக வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டு எழுத வேண்டும். என்னோடு சேர்த்தது என் வகுப்பில் படிக்கும் ஒரு பெண்ணை. அவள் அப்பா ஐ.டி. வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். எங்கள் பகுதி ஏரிக்கு அந்தப் புறம் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தார்கள். எங்கள் வீட்டுக்கு முன்னால் வந்ததும், "இதை விட்டுட்டு அடுத்த வீட்டுக்குப் போயிரலாமா?" என்று கேட்டாள். வேண்டாம், வரிசையிலேயே போவோம் என்றேன். நான் என் வீட்டில் கேள்வி கேட்க முடியாது என்பதால் அவள் கேட்டாள்.

அம்மாவுக்கு அன்று வார விடுமுறை. "வாம்மா, குந்து" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"சொந்தமா நிலம் ஏதாவது இருக்கா ஆன்ட்டி?"

"நெலமா? எங்க மாமனாரு அட்த்தவங்க நெலத்துல கூலிக்கு நாத்து நட்டவரு. அந்தாண்ட பிளாட்டுங்க நிக்கிது பாரு, அதான் அந்த நெலம்."

"நாங்க அங்கதான் ஆன்ட்டி இருக்கோம்."

"அப்டியா? தண்ணி ஒழுங்கா வருதா?"

"லாரித் தண்ணிதான்."

"இங்கயும் அதான்" என்றாள் அம்மா.

அவள் மேலே கேட்டுக்கொண்டே வந்தாள். கழிப்பறை, கேஸ், ரேஷன் கார்டு. பிறகு சட்டென்று நிறுத்திவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். அந்தக் கேள்வி என்னவென்று எனக்குத் தெரியும். அம்மாவும் கவனித்துவிட்டாள்.

"இன்னா, ஒண்ண உட்டுட்ட?"

"ஒண்ணுமில்ல ஆன்ட்டி. குடிப்பழக்கம் உள்ளவங்க யாராவது..."

"இதோட அப்பா குடிப்பாரு. லீவு நாள்ல. எழுதிக்கோ."

அவள் எழுதாமல் என்னைப் பார்த்தாள். அப்பாவைப் பற்றி நான் கல்லூரியில் யாரிடமும் பேசியதில்லை. "எழுது" என்றேன். எழுதினாள். அம்மா இரண்டு பேருக்கும் டீ கொடுத்தாள். குடித்துவிட்டு வெளியே வந்தோம்.

தெரு முனை வரை நடந்தோம். அவள் அங்கே நின்று, "எங்க அப்பாவும் குடிப்பாரு. தினமும்" என்றாள். "எங்க பிளாட்டுக்கு யாரும் வந்து கேட்டது இல்ல."

அவள் கையிலிருந்த கேள்வித்தாள் அட்டையை நான் வாங்கிக்கொண்டேன். அடுத்த வீட்டில் அவள் கேட்டாள், நான் எழுதினேன். அந்தக் கேள்வி வந்தபோது இரண்டு பேருமே அதைக் கேட்கவில்லை. அன்று மீதி வீடுகளிலும் கேட்கவில்லை. மேடம் தாள்களைப் பார்த்துவிட்டு அந்த இடம் மட்டும் ஏன் காலியாக இருக்கிறது என்றார். அவளே முந்திக்கொண்டு, "கேக்க மனசு வரல மேடம்" என்றாள். மேடம் தாள்களை அடுக்கி உள்ளே வைத்தார். திட்டவில்லை.

கடைசி நாள் பள்ளிக்கூட மைதானத்தில் நிறைவு விழா. ஊர்க்காரர்கள் சார்பில் யாராவது இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்றதும் எதிர்வீட்டு அக்கா அம்மாவைப் பிடித்து முன்னால் தள்ளிவிட்டாள். அம்மா மைக்கைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

"பசங்க நல்லா வேல செஞ்சிச்சிங்க. ஏரியாண்ட கெடந்த குப்பய எல்லாம் வாரிட்சிங்க. எம்பொண்ணு ஊட்டுல தொடப்பத்த தொட்டது கெடையாது. இங்க ஏழு நாளும் பெருக்கினா. அதுக்கோசரம் காலேஜுக்கு ரொம்ப நன்றி."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மேடம்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

விழா முடிந்து எல்லோரும் கல்லூரிப் பேருந்தில் ஏறினார்கள். "நான் இப்படியே வீட்டுக்குப் போயிடட்டுமா மேடம்?" என்று கேட்டேன். முகாம் கல்லூரியில்தான் முடிகிறது, அங்கே வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார். ஆகவே நானும் ஏறினேன். பேருந்து எங்கள் தெருவைத் தாண்டும்போது அம்மா வாசலில் நின்று ஊருக்குப் போகிறவளுக்குக் காட்டுவதுபோல் கை காட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வகுப்புப் பெண்ணும் பதிலுக்குக் கை காட்டினாள்.

அம்பத்தூர் போய்க் கையெழுத்துப் போட்டோம். பிறகு இரண்டு பேருமாக ரயில் பிடித்து ஆவடியில் இறங்கி, ஒரே ஷேர் ஆட்டோவில் வீடு திரும்பினோம்.