வேலிச் சண்டைக்காரருக்கு அப்பா பாடிய கல்வெட்டு

நான் குடியேறிய ஸ்காபரோவில், செத்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிச் சடங்கு வீடுகளுக்குப் போனால் மூலைக் கதிரையில்தான் இருப்பேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் நடுவில் பேச வராது. வழுவழுப்பான தாளில் கலர்ப் படங்களோடு தரும் கல்வெட்டை, செத்தவரைப் பாடும் அந்தப் புத்தகத்தை, புரட்டிக்கொண்டிருப்பேன். யாராவது ஊர்க்காரர் வந்து, "நீர் கவிகாரற்ற மகனெல்லோ?" என்று கேட்டுவிட்டால் மட்டும் முதுகு தானாக நிமிர்ந்துவிடும்.

அப்பா ஊரில் வெங்காயத் தோட்டம் செய்தவர். தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டும்போதே பாட்டும் கட்டுவார். ஊரில் யார் செத்தாலும் முப்பத்தோராம் நாள் கொடுக்கும் கல்வெட்டுப் புத்தகத்துக்குப் பாட்டு அவருடையதுதான். அதனால் பெரிய மனிதர்கள்கூட அவரைப் பகைக்கப் பயந்தார்கள்.

பக்கத்துத் தோட்டக்காரர் பயப்படவில்லை. வருடா வருடம் வேலி அடைக்கும்போது அவர் நடும் கதியால் தடிகள் எங்கள் பக்கம் கொஞ்சம் நகர்ந்துவிடும். அப்பா இந்தப் பக்கம் நின்று பாட்டாலேயே ஏசுவார். அவர் அந்தப் பக்கம் நின்று வசனத்தில் திருப்பி ஏசுவார். பின்னேரமானால் இது நடக்கும்.

ஒரு மாரியில் அவர் செத்துப்போனார். அவருடைய மூத்த மகன் வந்து எங்கள் படலை வாசலில் தயங்கி நின்றார்.

"ஐயாவுக்கு ஒரு பாட்டு வேணும்."

அப்பா உடனே ஓம் என்றுவிட்டார். வந்தவர் போனபிறகு அம்மா குசினிக்குள் இருந்து சொன்னார்: "வேலி அரக்கின மனுசனுக்கு என்னத்தைப் பாடப் போறியள்? அதையும் சேர்த்துப் பாடுங்கோ."

"சும்மா இரு. செத்தவீடு."

எனக்கும் அம்மாவின் ஆசைதான். அச்சில் வந்தால் ஊரே படிக்கும், நிலமும் திரும்பி வரும்.

அந்தியேட்டியன்று அப்பா பாட்டைப் படித்தார். 'அயலார் மண்ணில் அரையடி தொடாதோன்' என்ற வரி வந்ததும் சனம் குனிந்துகொண்டது. சிலருக்கு இருமல் வந்தது. மகன்மார் தலை தூக்கவில்லை.

அடுத்த கிழமை அவர்களே கதியால்களைப் பிடுங்கி, பழைய எல்லையில் நட்டார்கள்.

"அச்சில வந்திட்டுது. இனி வேற என்ன செய்யிறது?" என்று மூத்தவர் முணுமுணுத்தார்.

ஒரு வரிப் பொய்யால் நிலத்தை மீட்டவரின் மகன் நான். பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அன்று எனக்குக் கூச்சமே வரவில்லை.

அப்பா அந்தத் துண்டில் ஒன்றும் நடவில்லை. பின்னேரங்களில் அங்கே போய் வேலியைப் பார்த்தபடி நிற்பார். அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இருக்காது. இருட்டும்வரை நின்றுவிட்டுத் திரும்புவார். எத்தனை பாத்தி வெங்காயம் கொள்ளும் என்று கணக்குப் பார்க்கிறார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.