மொட்டைத் தலையோடு ஒரு நேர்காணல்: திருத்தணி – திருமலை – திருப்பதி

ஸ்ரீசிட்டியில் நான் வேலை பார்த்த கம்பெனியை மாசி மாதம் மூடிவிட்டார்கள். வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான். எங்கே விண்ணப்பித்தும் பதில் இல்லை. ‘நேர்காணலுக்கு ஒரு அழைப்பு வந்தால் போதும், முடி கொடுக்கிறேன்’ என்று ஏழுமலையானிடம் வேண்டிக்கொண்டேன். வைகாசியில் திருப்பதியிலிருந்தே அழைப்பு வந்தது, மதியம் இரண்டு மணிக்கு. அன்று காலையிலேயே மொட்டை போட்டுவிட்டு அப்படியே போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன். என்னை மாதிரி புத்திசாலிகளுக்காகத்தான் இந்தப் பதிவு.

திருத்தணியிலிருந்து விடியற்காலை ஐந்து மணி பஸ். திருப்பதிக்குச் சுமார் அறுபத்தைந்து கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். புத்தூரில் ஒரு பெண்மணி ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். பெயர் குமாரி, பாலசமுத்திரத்தில் தக்காளி போடுகிறவர். அவருக்கும் மொட்டை வேண்டுதல். என் கதையைக் கேட்டதும் பொட்டலத்தைப் பிரித்தார்.

“வேல போனா இன்னா, வவுறுமா போச்சு? இட்லி துன்னும்மா.”

திருப்பதியில் மலை பஸ் மாறினோம். மலைமேல் மொட்டை போடும் மண்டபமான கல்யாணகட்டாவில் காசு கிடையாது. பெண்களுக்குப் பெண்களே மழிக்கிறார்கள். குளித்து வந்ததும் குமாரியக்கா என் தலையில் சந்தனம் பூசினார்.

“இன்னாம்மா, பின்மண்டையில இம்மாம் பெரிய தழும்பு?”

“சின்ன வயசுல கல்லுல விழுந்தேன்க்கா. நானே மறந்துட்டேன்.”

தரிசனத்துக்கு நின்றால் நேர்காணல் போய்விடும். அக்காவாவது போகட்டும் என்றேன். “சாமி எங்கயும் போவாது, நாளைக்குப் பாத்துக்கறேன். உன் பைய யாரு புடிச்சிக்கினு நிப்பாங்க?” என்று கூடவே இறங்கிவிட்டார். முன்பின் தெரியாத மனுஷி!

கம்பெனி கேட்டில் காவலர் என் ஆதாரையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “ஃபோட்டோவுல வேற மனுஷி கீதும்மா. லோபல விடமுடியாது” என்று உள்ளே போகவிடாமல் மறித்தார். உள்ளிருந்து வந்த அதிகாரியும் ஆள்மாறாட்டமோ என்று சந்தேகப்பட்டார். கேட் மூட இருபது நிமிடம்தான். நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

“அழுதுக்கினு நிக்காத! இஸ்கூல் சர்டிபிகேட்ல அடையாளம்னு எழுதுவாங்களே, அத எடு!” என்று குமாரியக்கா கத்தினார்.

எடுத்தேன். ‘பின்தலையில் தழும்பு.’ பள்ளியில் சேர்த்த வாரம் திருத்தணி முருகனுக்கு எனக்கு மொட்டை போட்டிருந்தார்கள். வாத்தியார் கண்ணில் பட்டதை எழுதிவிட்டார். அப்புறம் முப்பது வருடமாக முடிக்குள் கிடந்த அடையாளம் அது. திரும்பி நின்று சந்தனத்தைத் துடைத்தேன்.

அதிகாரி குனிந்து பார்த்தார், சிரித்துவிட்டார், உள்ளே வரச்சொல்லி வழிவிட்டார். “கரெக்டே! ரண்டி ரண்டி, லோபலிக்கு ரண்டி!”

உள்ளே என்ன கேட்டாலும் பதில் தானாக வந்தது. அன்று மாலையே வேலை உறுதி. வெளியே பையோடு நின்ற அக்காவைக் கட்டிக்கொண்டேன். இரண்டு மொட்டைகளும் நன்றாகவே முட்டிக்கொண்டன.

கிளம்புகிறவர்களுக்கு: முதலில் நேர்காணல், அப்புறம் மொட்டை. சாமி கோபித்துக்கொள்ளாது, கேட்காரர் கோபித்துக்கொள்வார். பள்ளிச் சான்றிதழ் கையிலிருக்கட்டும். பக்கத்து சீட்டுக்காரர் இட்லி நீட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள்.

புது கம்பெனி அடையாள அட்டையில் மொட்டைத் தலையோடு சிரிக்கிறேன். முடி வளர்ந்தால் கேட்டில் மறுபடி நிறுத்துவார்களாம். நிறுத்தட்டும், குமாரியக்கா நம்பர் என்னிடம் இருக்கிறது.