சொல்லிக்கொண்டு போனவள்

என் கணவர் விடியற்காலையில் நெஞ்சு வலி வந்து போய்ச் சேர்ந்தார். அன்று எட்டு மணிக்கு எனக்கிருந்த ஒரே கவலை, எங்களோடு தங்கியிருந்த வெள்ளைக்காரப் பெண் பசியாறினாளா என்பதுதான். அழுகை வரவில்லை. அழ வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லாமல் இருந்தது.

அவள் எங்கள் கிள்ளான் வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ஓர் ஐரோப்பிய நாட்டின் தூதரகம் நடத்தும் பண்பாட்டுப் பரிமாற்றத் திட்டத்தில் தமிழ் பழக வந்தவள். மூன்று மாதம் ஒரு குடும்பத்தோடு தங்க வேண்டும். பிள்ளைகள் இல்லாத வீட்டில் ஓர் அறை சும்மாதானே கிடக்கிறது என்று விண்ணப்பம் போட்டது அவர்தான். யார் வடித்துக் கொட்டுவது என்று நான் முணுமுணுத்தேன். அவள் வந்த வாரத்திலேயே என்னோடு ஒட்டிக்கொண்டு என் வாயை அடைத்துவிட்டது வேறு விஷயம்.

தினமும் பிரிக்பீல்ட்ஸில் இருந்த வகுப்புக்கு ரயிலில் போவாள். முதல் நாள் கேட்டருகே நின்று "போறேன்" என்றாள். அவர் பேப்பரை மடித்துவிட்டு எழுந்தே வந்துவிட்டார்.

"போறேன்னு சொல்லாதமா. போயிட்டு வரேன்னு சொல்லணும். திரும்பி வருவல்ல?"

அதன் பிறகு பாசாருக்குக் காய்கறி வாங்கப் போனாலும் மறக்காமல் அப்படித்தான் சொல்வாள். சில நாள் குளிக்கப் போகும்போதும் சொன்னாள். அவர் திருத்தவில்லை.

சாயங்காலம் உடலை எடுத்துப்போன பிறகு, திட்டத்தைக் கவனிக்கும் தமிழ்ப் பெண் தூதரகத்திலிருந்து வந்தார்.

"சாரி ஆன்டி, ரூல்ஸ் அப்படி. துக்க வீட்ல ஸ்டூடன்ட வெச்சிருக்க முடியாது. சுபாங் ஜெயாவுல வேற ஃபேமிலி ரெடியா இருக்காங்க."

இன்னும் இரண்டு மாதம் இருக்கிறதே, இவளும் போய்விட்டால் எனக்கு யார் என்று கேட்டிருக்கலாம். கேட்கத்தான் நினைத்தேன். தலையை மட்டும் ஆட்டினேன், சம்மதம் என்று நினைத்துக்கொள்ளும்படி.

அவள் பெட்டியோடு வந்தாள். கண் வீங்கியிருந்தது. கூடத்தில் இருந்த பெண்கள் ஒவ்வொருவராகச் சத்தமில்லாமல் எழுந்துபோய்ச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு போகிற வழக்கம் கிடையாது. அதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தருகிறவரைத்தான் சற்று முன் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள்.

"போயிட்டு வரேன் ஆன்டி" என்றாள், கூடமே திரும்பிப் பார்க்கும்படி.

"ஐயையோ, அப்படிச் சொல்லக்கூடாதுமா" என்று என் நாத்தனார் அவள் கையைப் பிடித்தார். இன்னொரு சாவுக்கு வருவேன் என்று ஆகிவிடுமாம்.

இந்த வீட்டில் மிச்சம் நான் ஒருத்திதான். அதற்காவது அவள் வரட்டும் என்று நினைத்தேன்.

"போயிட்டு வாமா" என்றேன். அன்றைக்கு நான் வாயைத் திறந்து பேசியது அது ஒன்றுதான்.