இடிக்குப் பிடுங்கிய பிளக்

வானம் உறுமினால் எங்கள் கை பிளக்கைத் தேடும். லிங்கி செம்பனை எஸ்டேட்டில் பிறந்தவர்களுக்கு அது மூச்சு மாதிரி. முதல் இடிக்கு டிவி, இரண்டாவதற்கு மோடம், மூன்றாவது இடிப்பதற்குள் வீட்டில் பிடுங்க ஒன்றும் மிஞ்சாது. அந்தச் சனிக்கிழமை மத்தியானமும் அப்படித்தான் பிடுங்கினேன். பிடுங்கிய பிறகுதான் பார்த்தேன், அது மச்சானின் கம்ப்யூட்டர்.

மச்சான் என் மனைவியின் தம்பி. செனாவாங் ஃபேக்டரியில் ஷிப்டு வேலை. நாற்பத்திரண்டு வயதில் கல்யாணம் கூடி வந்திருந்தது. ஐந்து மணிக்குப் பெண் வீட்டார் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள், பெண்ணும் கூட. அவளுக்காக ஒரு பாட்டு எழுதி, தானே பாடிப் பதிவுசெய்திருந்தான். நாலு பேர் கூடினால் அவனுக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். பாட்டு கம்ப்யூட்டரிலிருந்துதான் வந்தாக வேண்டும். குரல் ஒரு கோப்பு, உறுமி மேளம் ஒரு கோப்பு, இரண்டையும் சேர்ப்பது மட்டும் பாக்கி. எல்லாம் புதுசாக இருக்கட்டுமே என்று அப்டேட்டைத் தட்டிவிட்டுக் குளிக்கப் போயிருந்தான்.

தலை சொட்டச் சொட்ட வந்து நின்றான்.

"மச்சான், பிளக்கயா புடுங்கினீங்க? என் கல்யாண மாலைய புடுங்கிட்டீங்க லா."

"சரி பண்ணிடறேன்டா."

"இடி நிக்காம ஒருத்தரும் சுவிட்ச தொடக்கூடாது." மனைவி ஒயரைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

செம்பனை ஓலைகளை அடித்துத் துவைத்துவிட்டு மழை மூன்றரைக்கு விட்டது. ஒயரும் கிடைத்தது. பாட்டுக் கோப்புகள் பத்திரம். அவற்றைச் சேர்க்கும் மென்பொருள்தான் திறக்கவில்லை. அப்டேட்டில் பாதி மாறி, பாதி மாறாமல் கிடந்தது. மறுபடி நிறுவச் சொன்னேன். தன்னிடம் என்னென்ன மென்பொருள் இருக்கிறது என்ற பட்டியலையே படிக்க முடியவில்லை என்றது, அந்தக் கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸ். அந்தக் கோப்பைத் திறந்தேன். வெறுமை. பக்கத்திலிருந்த முந்தைய நகலும் வெறுமை.

"அதுக்கு எதுவுமே ஞாபகம் இல்லயா?"

"சாமானெல்லாம் வீட்டுலதான்டா இருக்கு. லிஸ்ட்டுதான் தொலைஞ்சு போச்சு."

"கவிதை சொல்லாதீங்க மச்சான், மணி நாலு!"

அந்தப் பட்டியலைத் தினம் ஒரு முறை சுருக்கி வேறொரு இடத்தில் எடுத்து வைக்கும் பழக்கம் லினக்ஸுக்கு உண்டு. தேடினேன். இருந்தது! நேற்றைய பட்டியல், ஒரு வரி குறையாமல். விரித்தேன், வெற்றுக் கோப்பின் இடத்தில் வைத்தேன், கைப்பேசி இணையத்தைக் கொடுத்து அப்டேட்டை முதலிலிருந்து ஓடவிட்டேன். கருந்திரையில் வரிகள் ஓடின, மடை திறந்த மாதிரி ஓடின, எனக்கு நாற்காலியில் உட்காரவே முடியவில்லை. மச்சான் ஒரு கையை மட்டும் சட்டைக்குள் விட்டபடி என் தோளைப் போட்டுக் குலுக்கினான்.

வாசலில் வேன் வந்து நின்றபோது மென்பொருள் திறந்தது. விருந்தாளிகள் தேநீர் குடித்து முடிப்பதற்குள் குரலும் உறுமியும் சேர்ந்தன. பாட்டைப் போட்டுவிட்டு அவன் அடுப்படிக்குள் ஓடி ஒளிந்தான்.

"நல்லாருக்கே, யாரு பாடுறது?" என்றாள் பெண்.

"நான்தான்," என்றது அடுப்படி.

கூடமே சிரித்தது. "இன்னொருக்கா போடுங்க," என்றாள் அவள்.

போட்டோம். மூன்றாவது தடவை அவன் கூடத்துக்கு வந்து, அத்தனை பேர் நடுவில், கம்ப்யூட்டரோடு சேர்ந்து தானும் பாடிக்கொண்டிருந்தான்.