அவருடைய விடுப்பில் என் சம்பளம்

கணக்கு டீச்சர் புற்றுநோய்ச் சிகிச்சைக்காக மருத்துவ விடுப்பில் போனபோது, அவருடைய வகுப்புகளை எடுக்க என்னைத் தற்காலிகமாக வைத்தார்கள். சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளி. பி.எட். முடித்து நான்கு வருடம் வேலை இல்லாமல் இருந்தவள் நான். மாதம் பத்தாயிரம் என்றார் ஹெச்.எம். மே மாதம் அதுவும் கிடையாது. டீச்சர் திரும்பி வரும் நாளோடு நான் நின்றுவிட வேண்டும்.

திருக்கழுக்குன்றத்தில் வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா அப்போது அணுமின் நிலையக் குடியிருப்பில் வீட்டு வேலை செய்துகொண்டிருந்தாள்.

"நானே நாலு வூட்ல பாத்திரம் கழுவி அதுக்கு மேல வாங்கறேன்டி" என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பரவால்ல போ. டீச்சர்னு கூப்புடுவாங்க இல்ல" என்றாள்.

ஸ்டாஃப் ரூமில் அவருடைய நாற்காலியைத்தான் எனக்குக் கொடுத்தார்கள். மேசைக்கு அடியில் அவருடைய ரப்பர் செருப்பு கிடந்தது. யாரும் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை, காலை ஓரமாக மடக்கிக்கொண்டு உட்காரப் பழகினேன். பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்தினால் முன்பக்கங்களில் அவருடைய கையெழுத்து இருக்கும். பலகையில் கணக்குப் போட்டுவிட்டுத் திரும்பினால் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "அந்த மிஸ் இந்த ஸ்டெப்ப இப்டி போட மாட்டாங்க மிஸ்" என்பாள். அழித்துவிட்டு, அவர் போடுகிற மாதிரி எப்படி என்று அவளிடமே கேட்டுப் போடுவேன்.

மாதக் கடைசியில் விடுப்பை நீட்டிக்கச் சொல்லி அவரிடமிருந்து கடிதம் வரும். "இன்னும் ஒரு மாசம் இருங்கம்மா" என்பார் ஹெச்.எம். எனக்கு நிம்மதியாக இருக்கும். ஒரு பெண்ணுக்கு இன்னும் உடம்பு தேறவில்லை என்பதுதான் அந்தக் கடிதத்துக்கு அர்த்தம். அது தெரிந்தேதான் நிம்மதிப்பட்டேன். இருபத்தைந்தாம் தேதி தாண்டியும் கடிதம் வராவிட்டால் சோறு இறங்காது.

டிசம்பரில் செங்கல்பட்டுக்கு அவர் வீட்டுக்குப் போனேன். அரையாண்டுத் தேர்வு மதிப்பெண்களைப் பார்க்க வேண்டும் என்று அவரே சொல்லி அனுப்பியிருந்தார். தலையில் பருத்தித் துணி கட்டியிருந்தார். நான் நினைத்ததைவிடத் தெளிவாக இருந்தார். ஒவ்வொரு பிள்ளையாகப் பேர் சொல்லிக் கேட்டு முடித்த பிறகு, "உங்களுக்கு எவ்ளோம்மா தர்றாங்க?" என்றார்.

"பத்தாயிரம் மேடம்."

மதிப்பெண் தாள்களை மடித்துப் பக்கத்தில் வைத்தார்.

"நான் படுத்துகினே அத மாதிரி எட்டு மடங்கு வாங்கறேன். வீட்ல யார் யாரு?"

"அம்மாவும் நானும்தான்."

"பொங்கலுக்கு அப்புறம் சேரலாம்னு டாக்டர் சொல்றாரு. பத்தாவது பசங்கள எக்ஸாம் வரைக்கும் நானே கொண்டுபோய் விட்ரணும்னு ஆசை."

"சந்தோஷம் மேடம்" என்றேன். ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால் எனக்கு வாய் வரவில்லை. ஒரு கணம்தான் இருக்கும். அந்தக் கணம் முழுவதும் அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பொங்கல் முடிந்தது. அவர் வரவில்லை, கடிதம்தான் வந்தது. இந்த முறை ஏப்ரல் கடைசி வரைக்கும். மறுபடி முடியவில்லை போலிருக்கிறது என்று ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொண்டார்கள். பிப்ரவரியில் உண்மையாகவே முடியாமல் போனது. மார்ச்சில், பொதுத்தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது இறந்துபோனார்.

காரியம் முடிந்த பிறகு அவருடைய கணவர் காகிதங்களோடு பள்ளிக்கு வந்தார். நான் ஹெச்.எம். அறையில் மதிப்பெண் பட்டியலோடு நின்றிருந்தேன். அந்தக் காகிதங்களுக்கு நடுவே ஒரு ஃபிட்னஸ் சர்டிபிகேட் இருந்தது. வேலையில் சேரலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தது. ஜனவரித் தேதி.

"இத ஏன் சார் அப்பவே குடுக்கல?" என்றார் ஹெச்.எம்.

"அவதான் வேணாம்னா சார். மறுபடி டாக்டர்கிட்ட போயி, இன்னும் ஓய்வு வேணும்னு எழுதி வாங்கினு வந்தா. ஏன்னு கேட்டேன். அங்க ஒரு பொண்ணு கீது, வருஷம் முடியட்டும்னா."

ஹெச்.எம். என் பக்கம் திரும்பவில்லை. அந்தப் பெண் யார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பட்டியலை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

ஜூனில் மாறுதலில் நிரந்தர ஆசிரியர் வந்தார். நான் இப்போது நாவலூரில் ஒரு நிறுவனத்தில் ஆன்லைனில் கணக்கு சொல்லித் தருகிறேன். சம்பளம் இரண்டு மடங்குக்கு மேல். பாடத்தின் நடுவே சில நாள் கை நின்றுவிடுகிறது. பொங்கலுக்குப் பிறகான அந்த வாரங்களில், கொஞ்சம் தெம்போடு, வீட்டில் உட்கார்ந்து அவர் என்ன செய்திருப்பார் என்று யோசிக்கிறேன். காலை ஒன்பது மணிக்கு மணி அடித்திருக்கும் என்று நினைத்திருப்பாரா?

அம்மாவிடம் ஒருநாள் இதைச் சொன்னேன்.

"அந்தம்மா தானா குடுத்தது அது. நீ இன்னா கேட்டியா?" என்றாள்.

"கேட்டேன்மா" என்றேன். "வாயால கேக்கல."

அம்மா பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.